இறங்கப்போன விமானம் ஏன் மறுபடி மேலே ஏறியது?

சக்கரக் கோளாறு என்று சொல்லி முக்கால் மணி நேரம் சுற்றினார்கள், ஏன் உடனே இறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயந்தது நியாயம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி. சக்கரம் முழுதாகக் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியாவிட்டால் தாழப் பறந்தபடி ஆராய முடியாது. மேலே போய் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் செக்லிஸ்ட் வாசிக்க, கேபின் ஊழியர்கள் பயணிகளைத் தயார்படுத்த நேரம் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. 1978-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைடெட் 173 விமானத்தின் கேப்டன் சக்கரப் பிரச்சினையிலேயே ஒரு மணி நேரம் மூழ்கிவிட, உடனிருந்தவர்களும் எரிபொருள் குறைவதை அழுத்திச் சொல்லாமல் விட, எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் கேப்டனிடம் தயங்காமல் பேசும் பயிற்சி பரவியது. உங்கள் விமானி எரிபொருளையும் பார்த்துத்தான் இறக்கியிருப்பார்.