ஹட்டனிலிருந்து வரும் அத்தைக்கு என்ன காட்டுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா 1974இல் இலங்கையிலிருந்து வந்தவர். அவருடைய தம்பி குடும்பம் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அந்தத் தம்பியின் மகள், எனக்கு அத்தை முறை, மாமாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் அடுத்த மாதம் முதல்முறையாக இங்கே வருகிறார். ஐந்து நாள் இருப்பார்கள். ஊட்டி ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று நான் போனில் அடுக்கியதும் அத்தை சிரித்துவிட்டார். "அதெல்லாம் நுவரெலியாவிலயும் இருக்குதானே" என்கிறார். வேறு என்னதான் காட்டுவது? நீங்களும் தாயகம் திரும்பிய குடும்பம் என்பதால் கேட்கிறேன்.

பி., கோத்தகிரி

*

அன்புள்ள பி.,

அத்தை சொன்னது சரிதான். இங்கே ஏரி என்றால் அங்கே கிரகரி ஏரி. இங்கே தாவரவியல் பூங்கா என்றால் அங்கே ஹக்கல. இங்கே தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அங்கே பீதுருதாலகால உச்சி 2,524 மீட்டர். அந்த 113 மீட்டர் பெருமைக்காக ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். என் பெரியம்மா தலவாக்கலையிலிருந்து வந்தபோது முதல் நாள் படகு, இரண்டாம் நாள் சிம்ஸ் பூங்கா, மூன்றாம் நாள் தேயிலைத் தொழிற்சாலை. நாற்பது வருஷம் கொழுந்து பறித்த மனுஷிக்கு டிக்கெட் எடுத்து, தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டியிருக்கிறேன்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாடப்போட்டிருந்த இலையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "முத்தின எல நெறைய கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவராகவே கேட்டார்: "ஒங்கப்பா வந்த புதுசுல இருந்த லயம் எங்க இருக்கு?" லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு.

கூட்டிப்போனேன். அப்பா இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். அவர்களும் சிலோன்காரர்கள்தான், உள்ளே கூப்பிட்டார்கள். பெரியம்மா அடுப்படியைப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், பிள்ளை பெற எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தது, அவர்கள் எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வீட்டுப் பாட்டி பண்டாரவளைக்காரி என்று தெரிந்ததும் இருவரும் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பேச்சில் பாதி அங்கே விற்கும் ராணி சோப்பைப் பற்றி, அவர்கள் வார்த்தையில் ராணி சவுக்காரம். திரும்பி வரும்போது பெரியம்மா சொன்னார்: "எங்க பேரு மத்த லிஸ்ட்டுல இருந்திருந்தா நானும் இங்கனதான் கெடந்திருப்பேன்."

அந்த லிஸ்ட் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. அங்கே இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் நின்ற ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தக் கணக்கில், தம்பி அந்தக் கணக்கில் என்று வீடுகள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்தார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. பின்னால் அதுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. உங்கள் தாத்தாவும் அத்தையின் அப்பாவும் பிரிந்ததும் இப்படித்தான் இருக்கும். அத்தை பார்க்க வருவது உங்கள் தாத்தாவின் ஐம்பது வருஷத்தை. அதனால் முதல் நாளை அதற்கு ஒதுக்குங்கள்: அவர் இருந்த வீடு, நின்ற மலை, படித்துறை, கோயில், அடக்கம் செய்த இடம். தகரப் பெட்டியில் அந்தக் காலத்துக் குடும்ப அட்டை கிடந்தால் எடுத்து வையுங்கள்.

அப்புறம் தேயிலை. தொழிற்சாலை வேண்டாம், ஆனால் தெரிந்த யாராவது சிறு விவசாயியின் காட்டுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தோட்டத்தில் இன்னும் பெரும்பாலும் கையால்தான் கிள்ளுகிறார்கள். இங்கே கத்தரி, சில இடங்களில் இயந்திரம். கத்தரியால் வெட்டுவதைப் பார்த்தால் அத்தை திட்டுவார், திட்டட்டும். கடையில் டீயும் வாங்கிக் கொடுங்கள். நம்முடையது பெரும்பாலும் சி.டி.சி., அதாவது இலையை நசுக்கி உருட்டிய குருணைத் தூள், பாலில் கொதிக்கவிட்டது. அவர்கள் சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு பால் விடாத பிளேன்டீ குடிக்கிறவர்கள்.

வழக்கமான இடங்களில் நான் விடாமல் வைத்திருப்பது ரயில் மட்டும். டிக்கெட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மேட்டுப்பாளையம் வண்டி வரும் நேரம் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல், குன்னூர் ஸ்டேஷனில் போய் நில்லுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு இருக்கிறது. நீராவி இஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் அதைக் கழற்றி டீசல் இஞ்சினை மாட்டுவார்கள். தங்கள் ரயில் ஏறக்குறைய 1,900 மீட்டரில் இருக்கும் பட்டிப்பொல ஸ்டேஷன் வரைக்கும் பல்லே இல்லாமல் ஏறுவதாக மாமா சொல்லிக் காட்டுவார். உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இல்லாதது என்றால் இந்த மலையின் பழைய குடிகள். தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, போவதாக இருந்தால் தெரிந்தவர் மூலம் கேட்டுக்கொண்டு போங்கள். கோயில் பக்கம் பெண்கள் போகக் கூடாது, அத்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எட்ட நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவதென்றால் போகாமலே இருக்கலாம். சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்யும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி, முடிந்தால் ஒரு சால்வை வாங்குங்கள். படுகர் தோழி யாராவது உங்களுக்கு இருப்பாள். அவள் வீட்டில் ஒரு வேளை அவரைக் குழம்பும் களியும் கேட்டு வாங்கிச் சாப்பிட வையுங்கள்.

பூக்கும் காலமாக இருந்தால் தொட்டபெட்டா, அவலாஞ்சி பக்கம் ரோடோடென்ட்ரான் மரத்தையும் காட்டுங்கள். காட்டுப்பூவரசு என்பார்கள், ரத்தச் சிவப்பு. இந்த மரம் இமயமலையில் இருக்கிறது. நடுவில் இத்தனை சமவெளியைத் தாண்டி நம் மலைகளில் இருக்கிறது, கடல் தாண்டி ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிறது. குளிர்ந்த உச்சிகளில் மட்டும் ஒதுங்கி நிற்பதால் இப்படிப்பட்ட மலைகளை வானத்துத் தீவுகள் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதை விளக்கினேன். "அப்ப அதுக்கும் ரெண்டு லிஸ்ட் போட்டாங்களா?" என்றார்.

கேரட் தோட்டத்துக்குத் தனியாகக் கூட்டிப்போக வேண்டாம். கேத்தி வழியே போகும்போது மாமாவே வண்டியை நிறுத்தச் சொல்லி மூட்டை என்ன விலை என்று கேட்பார். கோயம்புத்தூரிலிருந்து வாடகை வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

நம்மூர் மொறுமொறு பலகாரமான வர்க்கியைக் கடைசி நாள் வாங்கித் தகர டப்பாவில் அடைத்துக் கொடுங்கள். நான் பையில் வைத்து அனுப்பினேன், தலவாக்கலைக்குத் தூள்தான் போய்ச் சேர்ந்தது. அதையும் விடாமல் பிளேன்டீயில் போட்டுக் குடித்ததாகப் பெரியம்மா கடிதம் எழுதியிருந்தார்.

அன்புடன்,
அக்கா