ஏபிஎஸ், இஎஸ்சி விளக்குகள் சேர்ந்து எரிந்தால்: கேள்வி பதில்

கேள்வி: என் சொகுசு எஸ்யூவியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), இஎஸ்சி (வண்டி சறுக்கி விலகாமல் காப்பது), மலையிறக்க உதவி மூன்று விளக்கும் ஒன்றாக எரிகின்றன. ஸ்கேனரில் 'முன் இடது சக்கர வேக சென்சார்' என்று வருகிறது. மாற்றிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீங்க. மூன்றுக்கும் சக்கர வேகத் தகவல்தான் அடிப்படை; அதில் ஒன்று கெட்டாலே எல்லாம் நின்றுவிடும். ஸ்கேனர் காட்டும் அந்தப் பிழைக் குறியீடு சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது, சென்சார் போய்விட்டது என்று அல்ல. முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்க. பிறகு ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (ஓடும்போதே வரும் சென்சார் அளவுகள்) திறந்து, நேர்ச்சாலையில் 20–30 கி.மீ. வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நான்கு சக்கர வேகத்தையும் கவனிக்கணும். ஒன்று மட்டும் பூஜ்யத்திலேயே நின்றால் வயர், கனெக்டர், சென்சார் மூன்றில் ஒன்று. சுற்றுக்கு ஒருமுறை விழுந்து எழுந்தால் என்கோடர் வளையத்தில் (சக்கரத்தோடு சுற்றும், சென்சார் படிக்கும் வளையம்) விரிசல் அல்லது இரும்புத்தூள். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது மட்டும் அறுபட்டால் வீல் ஆர்ச்சில் வயர் வளையும் இடத்தைப் பிடித்து அசையுங்க: மேலுறை புதுசு மாதிரி இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்க. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

கேள்வி: மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் போதாதா?

பதில்: பழைய காயில் (கம்பிச்சுருள்) வகைக்குச் சரி. இரண்டு வயர் ஆக்டிவ் சென்சாரில் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) அந்த அளவு எதையும் நிரூபிக்காது. இக்னிஷன் ஆனில், வண்டிப் பக்கக் கனெக்டருக்கு சப்ளை வருகிறதா என்று பாருங்க. வந்தால் மீட்டரைத் தொடரில் இணைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்க. மின்னோட்டம் சுமார் 7, 14 மில்லிஆம்பியர் என்று மாறி மாறி வரணும்.

கேள்வி: பேரிங் மாற்றிய அன்றே விளக்கு வந்துவிட்டது, அண்ணா.

பதில்: பேரிங்கைத் தலைகீழாக அழுத்தியிருப்பாங்க. காந்த என்கோடர் ஒரு பக்க சீலில்தான் இருக்கும். பார்வைக்கு இரண்டு பக்கமும் சாதாரண ரப்பர் சீல் மாதிரியே தெரியும். சிறு பின்னை அருகே கொண்டுபோங்க, இழுக்கும் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும். கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடாதீங்க.

கேள்வி: அலைன்மென்ட்டுக்குப் பிறகு வளைவுகளில் இஎஸ்சி தேவையில்லாமல் பிரேக் பிடிக்கிறது.

பதில்: ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரின் பூஜ்யம் தவறியிருக்கு. நேராக ஓடும்போது ஆங்கிள் பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். ஸ்டீயரிங் வீலே கோணலாக இருந்தால் முதலில் டை ராடில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சரிசெய்யுங்க, பிறகுதான் கேலிபரேஷன் (சென்சாரின் பூஜ்யத்தை மீண்டும் பதிவது). யா சென்சாரையும் (வண்டி பக்கவாட்டில் திரும்பும் வேகத்தை அளப்பது) விடாதீங்க: சமதரையில் நிற்கும்போது சுழற்சியும் பக்கவாட்டு முடுக்கமும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டணும். காட்டாவிட்டால் அதன் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்க. ஜாக்கியில் தூக்கியபடி கேலிபரேட் செய்தால் கோளாறு இன்னும் கூடும்.

கேள்வி: ஒரு டயர் மட்டும் புதுசு. அதனாலும் விளக்கு வருமா?

பதில்: மற்றவை நன்றாகத் தேய்ந்திருந்தால் வரலாம். அந்தச் சக்கரத்தின் வேகம் எப்போதும் சற்றுக் குறைவாகவே காட்டும்.