வலப்பக்கம் 401, இடப்பக்கம் 201: வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்க ஆன்மிகத்தில் நல்ல சக்தியும் கெட்ட சக்தியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார்களே, கெட்டதை விரட்டிவிட்டால் என்ன?

ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது. தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மரபை வைத்துச் சொல்கிறோம். அங்கே வலப்பக்கம் 401 ஓரிஷாக்கள் (துணை நிற்கும் தெய்வங்கள்), இடப்பக்கம் 201 அஜோகுன்கள் (கேடு செய்யும் சக்திகள்) என்பது பரவலான கணக்கு. அஜோகுன்களில் தலையாயவை எட்டு: சாவு, நோய், இழப்பு, முடக்குவாதம், பெருந்தொல்லை, சாபம், சிறை, மிச்சக் கேடுகள் எல்லாம் சேர்ந்த ஒன்று. இவற்றை அழிக்க முடியாது. படையல் கொடுத்து வழியை விட்டு விலக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் படையலைக் கொண்டு சேர்ப்பவர் தூதுத் தெய்வமான எஷு. இரு தரப்பிலும் அவருக்கு இடம் உண்டு. அவர் பங்கை முதலில் எடுத்து வைக்காத படையல் போய்ச் சேராது. அவருக்குச் சிவந்த செம்பனை எண்ணெய் உகந்தது. அதே மரத்துக் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் கருநிற எண்ணெய் அறவே ஆகாது. இரண்டும் பனை எண்ணெய்தானே என்று மாற்றி ஊற்றினால் அவரை வம்புக்கு இழுப்பதாகவே பொருள். புதிதாகச் சேர்பவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோலா என்னும் மேற்கு ஆப்பிரிக்க மரக்கொட்டையைப் போட்டுக் குறி பார்ப்பது எப்படி? எது நல்ல விடை?

நான்கு பருப்பாகப் பிரியும் அபாட்டா வகைக் கொட்டைதான் வேண்டும். சந்தையில் அதிகம் கிடைப்பது இரண்டாகப் பிரியும் வகை. மென்று தின்னலாம், குறி பார்க்க உதவாது. நான்கில் இரண்டு ஆண், இரண்டு பெண்.

முதலில் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூட்டைத் தணிக்காமல் எதையும் கேட்பதில்லை. கத்தி படாமல் விரலாலேயே கொட்டையைப் பிரித்து, ஆம் அல்லது இல்லை என்று முடியும் ஒரே கேள்வியைச் சொல்லி உருட்டிவிடுவார்கள்.

நான்கும் உட்புறம் மேலாக விழுந்தால் அமைதி, நல்லதுதான். ஆனால் இரண்டு மேலே, இரண்டு கீழே என்று விழுவதைத்தான் உறுதியான ‘ஆம்’ என்று கொள்கிறார்கள். எதிரெதிரானவை சரிபாதியாக நிற்கும்போதுதான் விடை நிலைக்கும் என்பது அதிலுள்ள தர்க்கம். நான்கும் கவிழ்ந்தால் கேள்வியை நிறுத்திவிட்டு என்ன குறை என்று பார்க்க வேண்டும். ஒன்றும் மூன்றுமாக விழுந்தால் பொருள் வீட்டுக்கு வீடு மாறும். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வீட்டு முறைகளைக் கலக்க வேண்டாம்.

பிழை பெரும்பாலும் கேள்வியில்தான். “இந்த வேலையில் சேர்ந்து ஊர் மாறலாமா?” என்பது இரண்டு கேள்வி. பிடித்த விடை வரும்வரை திரும்பத் திரும்ப உருட்டுவது குறியே அல்ல, பேரம்.

ஒகூன், ஒபாத்தாலா என்னும் இரு ஓரிஷாக்களும் ஒரே வீட்டில் இருக்கலாமா?

இருக்கலாம், பல வீடுகளில் இருக்கிறார்கள். பொருள்களைத்தான் பிரித்து வைக்க வேண்டும். ஒகூன் இரும்புக்குரியவர், சூடானவர். கொல்லர், வேட்டைக்காரர் தொடங்கி இன்றைய ஓட்டுநர், மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவர்தான். அவருக்குப் பனங்கள், சுட்ட பெருவள்ளி வகைக் கிழங்கு, இளம் பனங்குருத்து. ஒபாத்தாலா குளிர்ச்சியானவர். அவருக்கு வெள்ளைத் துணி, குளிர்ந்த நீர், நத்தையின் சாறு, ஷியா வெண்ணெய். அவருக்குக் கள் ஆகாது: மனித உடல்களை வனையும்போது கள் மயக்கத்தில் கை பிசகியது என்பது கதை. செம்பனை எண்ணெய் சிந்திய தட்டில் அவருக்கு வைத்தால் படையல் கெட்டது. தட்டு வேறு, துணி வேறு; முடிந்தால் ஒகூனை வாசலுக்கு வெளியே வைப்பது நல்லது.

இயந்திரத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்கள் ஒகூனை மட்டும் வணங்கிவிட்டுக் குளிர்ச்சியை மறந்துவிடுவதைப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். பட்டறையில் பழுத்த இரும்பைத் தோய்க்கத் தொட்டித் தண்ணீர் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு.

யொரூபா வாரம் நான்கு நாள், அலுவலக வாரம் ஏழு நாள். எப்படி ஒத்துப்போவது?

ஒபாத்தாலா, குறிக்குரிய இஃபா, ஒகூன், இடிக்குரிய ஷாங்கோ என நாளுக்கு ஒருவர். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கத்தால் யொரூபா மக்களே இதை ஐந்து என்பார்கள். நாட்காட்டி போடுபவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். நான்கால் கூட்டிக்கொண்டே போங்கள். இன்று ஞாயிறு இஃபா நாள் என்றால் அடுத்தது வியாழன், பிறகு திங்கள். மறுபடி ஞாயிற்றில் விழ 28 நாள் ஆகும். ஆகவே சாதாரண நாளில் வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீரும் ஒரு கோலாவும் போதும். நீண்ட பூசையை ஞாயிற்றில் விழும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். லாகோஸ் போன்ற நகரத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை விடுப்பு கேட்பது நடக்கிற காரியமா?

இஃபா குறியை போனில் கேட்கலாமா?

பலர் கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மரபில் கேட்பவர் தன் கேள்வியைக் காசிடம் முணுமுணுப்பார். குறி பார்க்கும் பூசாரியான பபலாவோவின் காதில் விழக் கூடாது. எட்டு இடங்களில் ஒற்றைக் கோடோ இரட்டைக் கோடோ விழுந்து அமையும் 256 ஓடுக்களில் (குறி வடிவங்களில்) எது வருகிறதோ அதன் பாடல்களை அவர் ஓதுவார், தன்னுடையது எது என்று கேட்பவரே கண்டுகொள்வார். முன்கூட்டியே பக்கம் பக்கமாகக் குறையை எழுதி அனுப்பினால் உங்கள் கடிதத்துக்குத்தான் பதில் வரும். பெயரைச் சொல்லுங்கள், கேள்வியைச் சொல்லாதீர்கள்.