கேள்வி நேரம்: ஆயுசு யார் கையில்?

கேள்வி: 1946 வாக்கில் இலங்கையில் சராசரி ஆயுள் 42 வயது சொச்சம்தான் என்று படித்தேன். என் அப்பாவைப் பெற்ற பாட்டி யாழ்ப்பாணத்துக்காரர், 90 வயது வரை நடமாடினார். கணக்கு இடிக்கிறதே? (வாசகி, திருச்சி)

பதில்: கணக்கு சரிதான், சராசரி என்ற சொல்தான் குழப்புகிறது. அன்று பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 140 முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை. பிரசவத்தில் தாய்மார்கள் போனார்கள், மலேரியா வேறு. ஒரு குழந்தை பிறந்தவுடன் இறந்து, இன்னொருவர் 84 வயது வரை இருந்தால் இருவருக்கும் சராசரி 42 தானே? உங்கள் பாட்டி அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி வந்தவர்.

கேள்வி: அமெரிக்காவில் தலைக்கு வருமானம் இலங்கையைப் போல இருபது மடங்கு. ஆனால் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லையாமே? (வாசகர், மதுரை)

பதில்: ஆமாம், ஒன்றிரண்டு வருடம்தான் வித்தியாசம். வைத்தியத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் நாடு அமெரிக்கா. ஆனால் காப்பீடு இல்லாதவர் அங்கே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே யோசிக்கிறார், போதை மருந்தும் துப்பாக்கியும் நடுவயதுக்காரர்களைக் கொண்டுபோகின்றன, கொரோனாவும் சேர்ந்துகொள்ள 2021ல் சராசரி ஆயுள் 76.4க்கு இறங்கியது.

இலங்கை பணக்கார நாடாகி ஆயுளைக் கூட்டவில்லை. 1931லேயே ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டதால் ஊருக்கு ஒரு மருந்தகம், ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்க மக்களும், கேட்டால் கொடுத்தாக வேண்டிய அரசியல்வாதியும் இருந்தார்கள். அப்புறம் 1945ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, 1951லிருந்து அரசு ஆஸ்பத்திரியில் கட்டணமில்லா வைத்தியம், கூப்பன் அரிசி, வீடு தேடி வந்து பிரசவம் பார்க்கும் மருத்துவமாது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டிடிடி தெளித்து மலேரியாவை அடக்கியதும் பெரிய காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நான் முக்கியமாக நினைப்பது பெண்கள் படித்ததைத்தான். அறுபதுகளின் தொடக்கம் வரை அங்கே பெண்களின் ஆயுள் ஆண்களைவிடக் குறைவு! இன்று ஐந்து வருடத்துக்கு மேல் கூடுதல். படித்த அம்மா பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க மாட்டாள், மாமியார் வேண்டாம் என்றாலும் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

கேள்வி: இலங்கையின் இலவசக் கல்வி, இலவச வைத்தியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். நாங்கள் நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். பாட்டி சொல்லும் கதையில் இதெல்லாம் இல்லையே? (வாசகர், கூடலூர்)

பதில்: பாட்டி சொல்வது உண்மை, அது வேதனையான உண்மை. தோட்டப் பள்ளிகள் அந்த இலவசக் கல்வித் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை, அதாவது உங்களைப் போன்ற தோட்டக் குடும்பங்களை, நாடற்றவர்களாக்கியது, அதோடு ஓட்டும் போனது. ஓட்டு இல்லாதவரின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) எந்த அரசியல்வாதி வருவார்? ஊர்க்காரனுக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இவர்களுக்குத் தோட்ட நிர்வாகத்தின் தயவாகத்தான் இருந்தது. 1973, 74ல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது முதல் அடி விழுந்ததும் அங்கேதான்: தோட்டங்களில் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது, நாடு முழுவதற்குமான கணக்கோ ஏறத்தாழ அதில் பாதி. அதே தீவு, அதே வருடம். இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

பிறகு பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, குடியுரிமையும் திரும்பி வந்தது, சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 2016 கணக்கெடுப்பில்கூடத் தோட்டப்புறத்துச் சின்னக் குழந்தைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள், அது எந்தெந்த வருடம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத்தில் கட்டாயம் வர வேண்டிய கணக்கு அது.