கூட்டம் நடந்தது சரி, தண்ணீர் கொதித்ததா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சுகாதாரக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். போன வருஷம் 24 கூட்டம் வைத்து முடித்தேன். இந்த வருஷம் மேலதிகாரி, கூட்டக் கணக்கு வேண்டாம், பலனை இலக்காக எழுதுங்கள் என்கிறார். பலன் என் கையில் இல்லையே அக்கா?
- வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் பயம் நியாயம்தான் தங்கச்சி, ஆனால் அவர் கேட்பதும் சரி. கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பாருங்கள், கிலோ நிறைந்தால் பேர், அதாவது அன்றைய முழுநாள் சம்பளம், விழுந்துவிடும், ஆனால் அதிலே பாதி முற்றல் இலை என்றால் ஃபெக்டரியில் நல்ல தூள் வராது. கூட்டக் கணக்கும் அப்படித்தான். 1954இலேயே நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் இலக்கை வைத்து நிர்வகிப்பது பற்றி எழுதினார், பிறகு கணினிச் சிப் செய்யும் இன்டெல் கம்பனியில் அதன் தலைவர் ஆண்டி குரோவ் இலக்கு ஒன்று, அதை எட்டினோமா என்று காட்டும் அளவுகள் சில என்று பிரித்தார்.

நீங்களும் அப்படியே எழுதலாம். லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், 20 வீடு இருந்தால் இன்று எத்தனை வீட்டில் கொதித்தாறிய தண்ணீர் குடிக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். 6 என்றால் டிசம்பரில் 15 என்று போடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் அடுப்படியில் கேத்தலைப் பாருங்கள், ஜூன் ஜூலை மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடக்கும்போது எத்தனை கூட்டம் வைத்தும் அது கொதிக்காது, அங்கே தேவை விறகை மூட ஒரு தகரம், அது கூட்டக் கணக்கில் ஒருநாளும் தெரிந்திருக்காது.

குழாய் திருத்துவது போன்ற, உங்கள் கையில் இல்லாத வேலைகளை இலக்கின் பக்கத்திலேயே எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கூட்டங்கள் வேலைத்திட்டத்தில் இருக்கட்டும்.