ஆற்றுநீரை ஊர்மக்களே சோதித்துப் பதிவு செய்வதால் பயன் உண்டா?

எங்கள் ஊர் வழியாக ஓடும் ஆற்றின் நீரை நாங்களே சோதித்துக் குறித்து வைத்தால் அதை யாராவது மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பார்கள், ஆனால் அந்தக் குறிப்பு ஆற்றுக்குக் கேடு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெள்ளிங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. அணை நீரை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் கிணறுகள் உப்பேறியிருந்தன. "முன்பெல்லாம் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழு உண்மை. ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு உப்பு இருந்தது என்று எழுதி வைத்த ஒரு தாள்கூட அவர்களிடம் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எனவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள். கையடக்க டிடிஎஸ் (மொத்தக் கரைந்த திடப்பொருள்) மீட்டர் உண்மையில் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்கிடுகிறது. உப்புக் கழிவைக் கண்டுபிடிக்க அது போதும், கிருமியையோ பூச்சிமருந்தையோ அது காட்டாது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். வாரந்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில், கரையோரத்தில் தேங்கிய நீரை விட்டு ஓடும் நீரில் அளந்து, மழை பெய்ததா, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மழைக்குப் பின் எண் இறங்குவது பெரும்பாலும் நீர் கூடியதால்தான், கழிவு நின்றதால் அல்ல. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால் விடிவதற்கு முன் போக வேண்டும், ஏனெனில் இரவு முழுவதும் பாசியும் நுண்ணுயிரும் அதைச் செலவழித்திருக்கும்; நண்பகலில் அளந்தால் சீர்கெட்ட குளமும் நல்ல குளமாகத் தெரியும்.

குடிநீர்க் கிணறுகளைச் சோதிப்பது பற்றி உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். வீடுதோறும் குழாயில் குடிநீர் தர 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும்.

உங்கள் அளவீடு மட்டுமே நீதிமன்றத்துக்குப் போதாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறைப்படி எடுக்கும் மாதிரியைத்தான் கேட்கிறது. அந்த அலுவலர் எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும். ஆகவே ஒரு நாள் எண் திடீரென்று ஏறினால், அன்றே மீட்டரோடு ஆற்றை எதிர்த்து மேலே நடந்து, ஓடைகள் வந்து சேரும் ஒவ்வொரு இடத்துக்கும் மேலும் கீழும் அளந்துகொண்டே செல்லுங்கள். எண் சட்டென்று இறங்கும் இடத்துக்கும் அதற்கு முன் அளந்த இடத்துக்கும் நடுவில்தான் கழிவு கலக்கிறது.