கென்யா போக வீசா வேண்டுமா? முதலில் தடுப்பூசிக்கு நாள் குறியுங்கள்

கேள்வி: "ஆகஸ்டில் அப்பா (66), அம்மா (61), ஏழு வயது மகள் ஆகியோரோடு சென்னையிலிருந்து கென்யா போகத் திட்டமிட்டிருக்கிறேன். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வீசாவே வேண்டாம் என்கிறார் நண்பர். ஏஜெண்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். எது உண்மை? அப்படியே எல்லை தாண்டி, தான்சானியாவில் உள்ள செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவையும் பார்க்க முடியுமா?"

உங்கள் நண்பர் சொல்வதும் சரி, ஏஜெண்டு சொல்வதிலும் பாதி சரி. 2023 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் குடியரசு நாள் உரையில், 2024 ஜனவரி முதல் எந்த நாட்டவருக்கும் வீசா தேவையில்லை என்று அதிபர் வில்லியம் ரூட்டோ அறிவித்தார். அதன்படி வீசா போய்விட்டது. அதற்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி வந்தது. சுருக்கமாக இ.டி.ஏ. என்பார்கள். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், 30 டாலர் கட்ட வேண்டும், ஒப்புதல் வந்த பிறகே விமானம் ஏற வேண்டும். பிற்பாடு பெரும்பாலான ஆப்பிரிக்க நாட்டவருக்கு இந்த அனுமதியும் தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த விலக்கு இல்லை. நைரோபியில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், சென்னை விமான நிலையத்தில் விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். இந்தியக் குடும்பங்களின் கென்யப் பயணத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கே போகும்போது அல்ல, இங்கே திரும்பும்போது. காரணம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று.

இந்தியாவிலிருந்து நேராக வருபவரிடம் கென்யா இந்தச் சான்றைக் கேட்பதில்லை, ஏனென்றால் நம் நாட்டில் அந்த நோய் இல்லை. கென்யாவிலிருந்து திரும்புபவரிடம் இந்தியா கட்டாயம் கேட்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஏராளமாக இருக்கிறது. நோய்க்கிருமி மட்டும் ஒருவர் உடம்பில் ஏறி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், அரசு ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது புரியும். சான்று இல்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதியில் இடம் இருக்கிறது. குடிவரவு வரிசைக்கு முன்பே சுகாதார அலுவலர்கள் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். பாஸ்போர்ட்டோடு, தடுப்பூசிச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். நான் திரும்பியபோது அந்த மேசை அருகே ஒரு குடும்பம் தவித்து நின்றதைப் பார்த்தேன். ஊசி போட்டிருந்தார்கள், அட்டையும் இருந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் போட்டிருந்ததால், ஒரு வாரச் சுற்றுலா முடிந்து வந்த பிறகும் பத்து நாள் நிறையவில்லை. ஊருக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு இறங்கியவர்களின் முகம் அப்படி வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இதிலிருந்துதான் பதிலைத் தொடங்குகிறேன்.

எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடையாது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டியில் உள்ள கிங் நிலையமும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகமும் பல ஆண்டுகளாகப் போட்டுவருகின்றன. குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று நடக்கும். கோடை விடுமுறைக் காலத்தில் உடனே இடம் கிடைக்காது. அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போக வேண்டும், அதன் எண்ணைத்தான் அட்டையில் எழுதுவார்கள். ஒருமுறை போட்டால் போதும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை என்று இருந்தது. 2016 ஜூலை 11 முதல் சான்று ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று உலக சுகாதார விதிகளை மாற்றிவிட்டார்கள்.

உங்கள் அப்பா, அம்மா இருவரும் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதால், விமான டிக்கெட் வாங்கும் முன்பே அவர்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி. பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அரிதாக வரும் கடுமையான பக்கவிளைவு 60 வயதுக்கு மேல் சற்று அதிகம். ஸ்டீராய்டு மாத்திரையோ நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ சாப்பிடுபவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது கூடாது. மகளுக்கு வயது தடையில்லை. ஆனால் அம்மை வகைத் தடுப்பூசி எதையாவது அண்மையில் போட்டிருந்தால் இடையில் நான்கு வாரம் விட வேண்டியிருக்கும், அதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களில் ஒருவருக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், விலக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு துணிந்து போகலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடிதம் இருந்தாலும் இந்தியா திரும்பும்போது தனிமைப்படுத்தல் நீங்கிவிடாது. அதைவிட முக்கியம், தடுப்பூசி இல்லாத முதியவரை நோய் உள்ள நாட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்பது. அந்த நிலை வந்தால் நாட்டையே மாற்றுங்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. யானையும் சிங்கமும் அங்கேயும் இருக்கின்றன.

ஊசிக்கு வழி பிறந்துவிட்டது என்றால் மற்றது எளிது. இ.டி.ஏ. விண்ணப்பம் சிரமமானதே அல்ல. பாஸ்போர்ட் கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும், ஒரு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படம், முகப் படம், போகவர விமானப் பதிவு, தங்குமிடப் பதிவு, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவருடைய எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். மகளுக்குத் தனி விண்ணப்பம் வேண்டும், பெற்றோருடைய இ.டி.ஏ.விலேயே குழந்தையைச் சேர்க்க முடியாது. மூன்று வேலை நாள் ஆகும் என்கிறார்கள். நீங்கள் இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். கிடைக்கும் அனுமதி ஒருமுறை நுழைவதற்கானது. நைரோபி ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் விரல் ரேகை எடுத்து முத்திரை இடுவார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த அதிகாரிதான். கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போகலாம், அனுமதியை அச்செடுத்தும் வைத்திருங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இணையத் தேடல். தேடினால் அரசுத் தளத்துக்கு மேலேயே தனியார் தளங்கள் வந்து நிற்கும். முத்திரை, கொடி, நிறம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. அசல் தளத்தின் முகவரி கென்ய அரசுக்குரிய 'ஜிஓ.கேஇ' (go.ke) என்ற எழுத்துகளில் முடியும். அப்படி முடியாத எதிலும் உங்கள் வங்கி அட்டை எண்ணைப் போடாதீர்கள்.

தமிழர்களாகிய நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் பெயரில் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா தலைமுறையில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும், சிலருக்கு முதலெழுத்து விரிந்து ஊர்ப் பெயராக நிற்கும். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, அனுமதியில் ஒரு மாதிரி, தடுப்பூசி அட்டையில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி அச்சாகியிருக்கும் அல்லவா, அதில் உள்ள எழுத்துகளையும் வரிசையையும் எல்லா இடத்திலும் அப்படியே பின்பற்றுங்கள். துபாய் வழியாகப் போய் இடையில் ஊருக்குள் தங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா வீசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதில் தடையில்லை.

மனைவி வராததால், மகளை அழைத்துப்போக அவர் சம்மதிக்கிறார் என்ற கடிதத்தை நோட்டரி கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றின் நகலும் இருக்கட்டும். யாரும் கேட்காமல் போகலாம். கேட்டுவிட்டால், குழந்தையோடு நிற்கும்போது பதில் சொல்ல அது ஒன்றுதான் உதவும்.

செரெங்கெட்டிக்கு வருகிறேன். வரைபடத்தில் கென்யாவின் மசாய் மாரா காப்பகமும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கின்றன, நடுவில் வேலிகூட இல்லை. வில்டபீஸ்ட் எனப்படும் லட்சக்கணக்கான காட்டுமாடுகள் ஆண்டுதோறும் அந்த எல்லைக் கோட்டைக் கடக்கின்றன. சுற்றுலாப் பயணி மட்டும் கடக்க முடியாது, காட்டுக்குள் குடிவரவு அலுவலகம் இல்லை. மேற்கே இசெபானியா வழியாகவோ, கிழக்கே நமாங்கா வழியாகவோ சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். தான்சானியாவுக்குத் தனி வீசா வேண்டும். நமக்கு 50 டாலர், இணையத்தில் எடுக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா வீசா என்று 100 டாலருக்கு ஒன்று உண்டு. அது கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கு மட்டும்தான். தான்சானியாவும் அதில் அடக்கம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். கென்யாவிலிருந்து நுழைபவரிடம் தான்சானியா மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும். சான்சிபார் தீவையும் சேர்த்தால், 2024 அக்டோபர் முதல் அங்கே 44 டாலர் காப்பீடு கட்டாயம், நம் சொந்தக் காப்பீடு இருந்தாலும் கட்டியாக வேண்டும்.

இரண்டு நாடும் வேண்டுமென்றால், கென்யாவில் தொடங்கித் தான்சானியாவிலிருந்தே விமானம் ஏறும்படி திட்டமிடுங்கள், மறுபடி கென்யாவுக்குள் நுழைகிற வேலை இருக்காது. ஆனால் ஏழு வயதுக் குழந்தையோடும் பெரியவர்களோடும் ஒரே பயணத்தில் இரண்டு நாடு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆகஸ்டில் காட்டுமாடுகள் மாரா பக்கம்தான் இருக்கும். செலவை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: மாரா காப்பகத்தின் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளொன்றுக்கு ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சஃபாரி நிறுவனம் சொல்லும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டத்தில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது. முறுக்கு, பொடி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, துணிகளைத் துணிப்பையில் கட்டுங்கள். 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், முன் அனுமதி இல்லையென்றால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். செடி, விதை, பழம் வேண்டாம். அம்மா சைவம் என்றால் கவலையே இல்லை, தலைமுறைகளாக நைரோபியில் வாழும் குஜராத்திகளின் புண்ணியத்தில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும். மொம்பாசா கடற்கரைக்கும் போவதாக இருந்தால் அங்கே மலேரியா அபாயம் அதிகம். ஊசிக்காக மருத்துவரைப் பார்க்கும்போதே மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டுவிடுங்கள், சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும்.

ஏஜெண்டு கேட்கும் ஒன்பதாயிரத்தில் தடுப்பூசிக்கான முன்பதிவும் அடக்கமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், அவர் செய்யப்போவது இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புவது மட்டுமே. அதை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் நான்கு பேருக்கும் செய்துவிடலாம். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் அன்று கென்ய அரசுத் தளத்தை ஒருமுறை நேரில் படித்துவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். நமீபியா பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் அதற்கான விவரத்தைத் தனியாக எழுதுகிறேன்.